பரணில் கிடக்கும் துப்பாக்கி பங்கு பிரிக்கிற பொருள் இல்லை



பதிவு கொஞ்சம் நீளம். ஓய்வாக உட்கார்ந்து முழுவதும் படியுங்கள். இது இன்றைக்கு உங்கள் வீட்டு விஷயமாக இல்லாமல் இருக்கலாம். உங்கள் மாமனார் வீட்டிலோ சித்தப்பா வீட்டிலோ நாளைக்கு வரலாம்.

கடந்த சில வருடங்களில் என்னிடம் படித்தவர்களில் மூன்று நான்கு பேர் ஒரே மாதிரியான கேள்வியோடு போன் செய்தார்கள். “சார், அப்பா காரியம் முடிஞ்சுது. வீட்ட ஒதுங்க வச்சப்ப பரண்ல சேலையில சுத்தின ஒரு பழைய துப்பாக்கி கெடச்சுது. லைசென்ஸ் இருந்த மாதிரி தெரியல. பட்டா மாத்துற மாதிரி இதையும் என் பேருக்கு மாத்திக்கலாமா?” இது ஒருவர் கேட்டது. இன்னொருவர் வீட்டில் கிடைத்தது பட்டாளத்தில் இருந்த பெரியப்பா வைத்திருந்தது. “விசைய அழுத்திப் புடிச்சா தொடர்ந்து சுடுற வகை மாதிரி இருக்கு சார்” என்றார். அதைச் சொல்லும்போது அவர் குரலே மாறிவிட்டது.

நான் வழக்கறிஞர் இல்லை. சமூக அறிவியல் நடத்தியவன். சட்டத்தைப் படித்துப் பார்த்து, தெரிந்தவர்களிடம் கேட்டு, எனக்கு உறுதியானதை மட்டும் எழுதுகிறேன். உங்கள் விஷயத்தில் கை வைப்பதற்கு முன் ஒரு வழக்கறிஞரிடம் கட்டாயம் பேசுங்கள்.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். உரிமம் இல்லாத துப்பாக்கி, வீடு வாசல் நகை நட்டு போலப் பங்கு பிரிக்கிற பொருள் இல்லை. இறந்தவர் விட்டுப்போன பொறுப்பு அது. வீட்டில் இருக்கிறது என்று தெரிந்த நாளிலிருந்து அந்தப் பொறுப்பு உங்கள் தலையில். காலம் கடத்தாமல் நேர்வழியில் ஒப்படைத்துவிட வேண்டும். அதே அளவுக்கு இன்னொன்றும் முக்கியம். தானாக முன்வந்து ஒப்படைக்கிற குடும்பத்தைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றாத ஒரு நிரந்தர ஏற்பாட்டை அரசு செய்து தர வேண்டும். முதலாவது நம் கடமை, இரண்டாவது அரசின் கடமை.

நம் பக்கத்தில் ஏன் துப்பாக்கி?

வெளியூரில் இருக்கிற பிள்ளைகள், “நம்ம ஊருல ஏது சார் துப்பாக்கி?” என்று கேட்பார்கள். அரும்பாவூர், பூலாம்பாடி, மலையாளப்பட்டி என்று பச்சைமலை அடிவாரத்தில் வளர்ந்தவர்கள் அப்படிக் கேட்க மாட்டார்கள். மக்காச்சோளத்தையும் கடலையையும் காட்டுப்பன்றி ஒரே ராத்திரியில் உழுதுவிட்டுப் போவதைப் பார்த்தவர்கள் அவர்கள். பயிர்க் காவலுக்கு என்று கரிமருந்து இடித்துப் போடுகிற நாட்டுத் துப்பாக்கி மலையோரத்துக் குடும்பங்களில் இருந்தது. அந்தக் காலத்தில் யாரும் அதை ஆயுதமாக நினைக்கவில்லை. மண்வெட்டி, கடப்பாரைபோல அதுவும் ஒரு சாமானாக மூலையில் சாத்தியிருந்தது.

அரியலூர், உடையார்பாளையம் இரண்டும் பழைய பாளையங்கள், பிறகு ஜமீன்கள். அந்தப் பெரிய வீடுகளையும் அவற்றை ஒட்டிய பண்ணை வீடுகளையும் சேர்ந்தவர்களிடம் ஒத்தக் குழல், ரெட்டக் குழல் துப்பாக்கிகள் உரிமத்தோடு இருந்தன. எறையூர்ப் பக்கம் குடியிருக்கும் நரிக்குறவர் மக்களுக்கு வேட்டைதான் பரம்பரைத் தொழில். பட்டாளத்துக்குப் போனவர்கள் ஊருக்கு ஊர் உண்டு. ரஞ்சன்குடிக் கோட்டைக்கு உங்களை அழைத்துப் போனபோது 1751-இல் ஆங்கிலேயரும் பிரெஞ்சுக்காரரும் அங்கே மோதிக்கொண்டதைச் சொல்லியிருக்கிறேன். வெடிமருந்து வாடை இந்த மண்ணுக்குப் புதிது இல்லை.

சட்டத்தின் கதையும் வகுப்பில் நடத்தியதுதான். 1857-க்குப் பிறகு நம் மக்கள் கையில் ஆயுதம் இருக்கக் கூடாது என்று நினைத்த வெள்ளைக்காரன் 1878-இல் ஆயுதச் சட்டம் போட்டான். லிட்டன் பிரபு காலம். நம்மவனுக்கு உரிமம் வேண்டும், வெள்ளைக்காரனுக்கு விலக்கு. அந்த அவமானம் மனதில் இருந்ததால்தான், 1931 கராச்சி காங்கிரஸ் தீர்மானத்தில், விதிமுறைகளுக்கு உட்பட்டு ஆயுதம் வைத்துக்கொள்ளும் உரிமையும் குடிமக்களுக்கு உண்டு என்று சேர்த்தார்கள். சுதந்திரத்துக்குப் பிறகு வந்தது 1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டம். 1962 அக்டோபர் முதல் தேதி அமலுக்கு வந்தது. 2016-இல் புதிய விதிகள் வந்தன. 2019 டிசம்பரில் திருத்தம் செய்து தண்டனைகளைக் கடுமையாக்கினார்கள். இன்று நம்மைக் கட்டுப்படுத்துவது இவைதான்.

மூன்று வகை, மூன்று வழி

வீட்டில் கிடைத்தது எந்த வகை என்று தெரிந்தால்தான் வழி தெரியும்.

முதல் வகை, அப்பா பெயரில் உரிமம் இருந்த துப்பாக்கி. இதில் பலரும் தவறாக நினைப்பது, அப்பா உரிமம் நம்மையும் காப்பாற்றும் என்பது. உரிமம் ஆளுக்குக் கொடுப்பது, துப்பாக்கிக்குக் கொடுப்பது இல்லை. அவர் கண் மூடியதோடு அதுவும் முடிந்தது. அதன் பிறகு அந்தத் துப்பாக்கியை நீங்கள் வீட்டில் வைத்திருப்பதற்குச் சட்டப்படி ஆதாரம் இல்லை.

இதற்கு ஆயுதச் சட்டத்தின் 21-ஆவது பிரிவு வழி சொல்கிறது. எந்தக் காரணத்தாலோ ஓர் ஆயுதத்தை வைத்திருப்பது சட்டப்படி செல்லாது என்று ஆகிவிட்டால், தேவையில்லாத தாமதம் செய்யாமல் பக்கத்துக் காவல் நிலையத்திலோ, நிபந்தனைகளுக்கு உட்பட்டு உரிமம் பெற்ற துப்பாக்கி வியாபாரியிடமோ ஒப்படைத்துவிட வேண்டும். கையெழுத்தும் முத்திரையும் உள்ள ரசீது வாங்கிக்கொள்ளுங்கள். ஒப்படைத்ததால் பொருள் போய்விட்டது என்று பயப்பட வேண்டாம். குறிப்பிட்ட கால வரம்புக்குள் உங்கள் பெயரில் உரிமம் வாங்கினால் திரும்பப் பெறலாம். உரிமம் வைத்திருக்கிற வேறொருவருக்கு விற்றுப் பணத்தை வாங்கிக்கொள்ளலாம். இரண்டும் செய்யாமல் கெடுவை விட்டுவிட்டால் மாவட்ட நடுவர் உத்தரவில் அது அரசுக்குப் போய்விடும்.

உங்கள் பெயரில் உரிமம் வேண்டும் என்றால், 2016 விதிகளில் 25-ஆவது விதி சட்டப்படியான வாரிசுக்கு உரிமம் தர இடம் கொடுக்கிறது. தாலுகா அலுவலகத்தில் வாரிசுச் சான்றிதழ் வாங்க வேண்டும். மற்ற வாரிசுகள் ஆட்சேபணை இல்லை என்று எழுதித் தர வேண்டும். மாவட்ட ஆட்சியருக்கு விண்ணப்பம் போனால் காவல்துறை விசாரணை நடக்கும். வாரிசு என்பதற்காகவே கொடுத்துவிட மாட்டார்கள், மற்ற எல்லாருக்கும் உள்ள தகுதிகள் உங்களுக்கும் வேண்டும். மறுத்தால் மேல்முறையீடு உண்டு. 2019 திருத்தத்துக்குப் பிறகு ஒருவர் இரண்டு துப்பாக்கிக்கு மேல் வைத்திருக்க முடியாது. பரம்பரையாக வருவதும் அந்தக் கணக்கில்தான் சேரும். இன்னொன்று, இப்போது ஒவ்வொரு உரிமத்துக்கும் தேசியப் பதிவேட்டில் தனி அடையாள எண் இருக்க வேண்டும். தாத்தா காலத்துப் பழுப்பேறிய உரிமப் புத்தகத்தை மட்டும் நம்பி உட்கார்ந்திருக்காதீர்கள்.

இரண்டாம் வகை, எப்போதுமே உரிமம் இல்லாத துப்பாக்கி. நம் பக்கத்து நாட்டுத் துப்பாக்கிகளில் பல இந்த வகைதான். இதைத்தான் “பெயர் மாற்ற முடியுமா” என்று கேட்கிறார்கள். முடியாது. யார் பெயரிலும் இல்லாததை எங்கிருந்து மாற்றுவது? வாரிசுக்கு உரிமம் என்ற விதியே இறந்தவருக்கு உரிமம் இருந்தது என்ற அடிப்படையில் நிற்பது.

இப்படிப்பட்ட துப்பாக்கியை வைத்திருந்தால் இன்றைய சட்டப்படி குறைந்தது 2 ஆண்டு, அதிகம் 5 ஆண்டு சிறை, அபராதமும் உண்டு. 2019-க்கு முன் இது ஒன்று முதல் மூன்று ஆண்டாக இருந்தது. துப்பாக்கி இல்லாமல் தோட்டா மட்டும் ஒரு டப்பாவில் கிடைத்தாலும் அதற்கும் உரிமம் வேண்டும் என்பதை மறக்காதீர்கள்.

இதில் உள்ள ஒரே நேர்வழி, தானாக முன்வந்து ஒப்படைப்பது. மலைப்பகுதி உள்ள மாவட்டங்களில் அவ்வப்போது காவல்துறை, “உரிமம் இல்லாத துப்பாக்கியை ஒப்படையுங்கள், வழக்கு இல்லை” என்று தண்டோரா போடுவதையும் துண்டறிக்கை கொடுப்பதையும் பார்த்திருப்பீர்கள். அப்படி அறிவிப்பு வரும்போது ஒப்படைப்பது நல்லது. ஆனால் அறிவிப்பு வரட்டும் என்று வருடக்கணக்கில் காத்திருப்பது ஆபத்து. அதற்குள் ஒரு சோதனை வந்துவிட்டால், “ஒப்படைக்கத்தான் வைத்திருந்தேன்” என்ற பேச்சு எடுபடாது. கிடைத்த சில நாட்களுக்குள் வழக்கறிஞர் மூலமாக, எப்போது எங்கே கிடைத்தது என்று எழுதிக் கொடுத்து ஒப்படைப்பவருக்கும், ஐந்து வருடம் கழித்துப் பிடிபடுகிறவருக்கும் உள்ள வித்தியாசத்தை எந்த அதிகாரியும் நீதிபதியும் பார்ப்பார்கள். உரிமம் இல்லாமல் துப்பாக்கி வைத்திருந்ததற்காக ஒருவர் மீது வழக்கு நடத்த, மாவட்ட நடுவரின் முன் அனுமதி வேண்டும் என்று சட்டத்தின் 39-ஆவது பிரிவு சொல்கிறது. நேர்மையாக வந்தவரின் நிலைமையை எடுத்துச் சொல்ல அங்கே ஓர் இடம் இருக்கிறது.

இதிலேயே சிறு விலக்கு ஒன்று. பழைய பாணியிலான, அல்லது தொல்பொருள் மதிப்புள்ள, அல்லது உடைந்துபோன ஆயுதம், பழுது பார்த்தாலும் சுடவே முடியாது என்ற நிலையில் இருந்தால் 45-ஆவது பிரிவு அதற்கு விலக்கு தருகிறது. “துருப்பிடிச்சுப் போச்சு சார், சுடாது” என்று நாமே முடிவு கட்டிக்கொள்ளக் கூடாது. சரி செய்தால் சுடும் என்றால் விலக்கு கிடையாது. அதைத் தீர்மானிக்க வேண்டியவர்கள் அதில் தேர்ந்தவர்கள்.

மூன்றாம் வகைதான் நெஞ்சை அடைக்க வைப்பது. விசையை அழுத்திப் பிடித்தால், கையை எடுக்கும் வரையோ குண்டுகள் தீரும் வரையோ தொடர்ந்து சுடுகிற துப்பாக்கியைச் சட்டம் ‘தடை செய்யப்பட்ட ஆயுதம்’ என்கிறது. மத்திய அரசின் தனி அனுமதி இல்லாமல் யாரும் வைத்திருக்க முடியாது. மாவட்ட ஆட்சியரிடம் விண்ணப்பித்து வாங்குகிற உரிமத்துக்குள் இது வரவே வராது. வைத்திருந்தால் குறைந்தது 7 ஆண்டு, அதிகம் 14 ஆண்டு. பெரியப்பா நாட்டுக்காகச் சண்டை போட்டவர், பதக்கம் வாங்கியவர் என்பதெல்லாம் நமக்குப் பெருமை. சட்டத்தின் முன் அது பதில் ஆகாது. இதில் ஒரு நாள்கூடத் தள்ளிப்போடக் கூடாது. அன்றைக்கே வழக்கறிஞர், அன்றைக்கே காவல்துறை.

எல்லாருக்கும் தெரிந்த வழக்கு ஒன்று இருக்கிறது. இந்தி நடிகர் சஞ்சய் தத் 1993-இல் ஏ.கே. 56 துப்பாக்கியை வீட்டில் வைத்திருந்தார். அது பரம்பரையாக வந்தது இல்லை, மும்பை குண்டுவெடிப்பு வழக்கோடு சேர்ந்தது. ஆனால் நாம் கற்றுக்கொள்ள வேண்டியது அதில் இருக்கிறது. குடும்பத்தின் பாதுகாப்புக்காக வைத்திருந்தேன் என்று அவர் சொன்னது அவரைக் காப்பாற்றவில்லை. 2013 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் 5 ஆண்டுத் தண்டனையை உறுதி செய்தது. அவருடைய அப்பா நாடாளுமன்ற உறுப்பினராகவும் மத்திய அமைச்சராகவும் இருந்தவர். அந்த வீட்டுப் பிள்ளைக்கே இந்தக் கதி. அதைவிட முக்கியம், அந்தத் துப்பாக்கியை வீட்டிலிருந்து எடுத்துப்போய் அழிக்க உதவிய நண்பர்களும் தண்டனை பெற்றார்கள். நண்பனுக்கு உதவி செய்ததாகத்தான் அவர்கள் நினைத்திருப்பார்கள்.

செய்யக் கூடாதவை

நம் ஊரில் இந்தச் சமயத்தில் ஆளுக்கொரு யோசனை சொல்வார்கள். நான் காதால் கேட்டவற்றையே சொல்கிறேன்.

“கெணத்துல போட்டுடு.” கோடையில் கிணறு வற்றும், தூர் வாருவார்கள். ஏரி, வாய்க்கால் எல்லாம் அப்படித்தான். யாரோ ஒரு பையன் கையில் அது கிடைக்கும். பிறகு யார் போட்டது என்று விசாரணை வரும். ஒப்படைத்திருந்தால் சாட்சியாக முடிந்திருக்க வேண்டியவர், மறைத்ததால் குற்றவாளி ஆவார்.

“மச்சான் வீட்ல குடுத்து வை.” ஆயுதம் உங்கள் கையிலேயே இருக்க வேண்டும் என்பதில்லை. அது இருக்கிறது என்று தெரிந்து, அதன் மீது உங்களுக்கு அதிகாரமும் இருந்தால், வேறொருவர் வீட்டில் இருந்தாலும் அது உங்கள் வசம் இருப்பதாகவே கருதலாம் என்று உச்ச நீதிமன்றம் 1972-லேயே குன்வந்த்லால் வழக்கில் சொல்லிவிட்டது. மச்சானையும் சேர்த்து மாட்டிவிடுவதுதான் மிச்சம்.

“பட்டறையில குடுத்து வெட்டிப் போட்ரு.” அந்தக் குழலுக்குள் மருந்து இடித்து வைத்திருந்தால் பட்டறைக்காரர் உயிர் போகும். இதை எல்லாரும் கவனமாகப் படியுங்கள். வாய்வழியாக மருந்தும் பால்ரஸ் குண்டும் போட்டு இடிக்கிற நாட்டுத் துப்பாக்கியில், உள்ளே மருந்து இருக்கிறதா இல்லையா என்று வெளியிலிருந்து பார்த்தால் தெரியாது. எத்தனையோ வருடத்துக்கு முன் இடித்து வைத்த மருந்து இன்றைக்கும் வெடிக்கலாம். அதனால் எந்தப் பழைய துப்பாக்கியையும் மருந்து ஏற்றியதாகவே நினைக்க வேண்டும். விசையைத் தொடாதீர்கள். குழல் வாய்க்கு நேராக நிற்காதீர்கள். துடைக்கிறேன், எண்ணெய் போடுகிறேன் என்று உட்காராதீர்கள். பிள்ளைகளை அந்த அறைப் பக்கமே விடாதீர்கள்.

“சுடுதான்னு ஒரு தடவ பாத்துடலாம்.” வேண்டவே வேண்டாம். அது உயிருக்கும் ஆபத்து, வழக்கும் பெரிதாகும். சுட்டது மயிலாகவோ மானாகவோ இருந்தால் 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டமும் சேர்ந்துகொள்ளும். திருமானூர்ப் பக்கத்துப் பிள்ளைகளுக்குத் தனியாகச் சொல்கிறேன். நம் கரைவெட்டிப் பறவைகள் சரணாலயம் 2024-இல் ராம்சர் பட்டியலில் சேர்ந்திருக்கிறது. அங்கே துப்பாக்கியோடு போவது விளையாட்டு இல்லை.

கையில் பிடித்தபடி போட்டோ எடுத்து வாட்ஸ்அப்பில் போடுவது, விலை கேட்பது, இவையெல்லாம் நாமே நமக்கு எதிராகத் தயார் செய்து கொடுக்கிற சாட்சி.

கடைசியாக, நல்ல எண்ணத்தில் செய்யும் ஒரு தவறு. ஒப்படைக்கத்தானே போகிறோம் என்று சாக்கில் சுற்றி பைக்கில் வைத்துக்கொண்டு கிளம்பிவிடாதீர்கள். வழியில் வாகனச் சோதனை நடந்தால் நீங்கள் ஒப்படைக்கப் போகிறவர் என்பதற்கு என்ன அத்தாட்சி? கிடந்த இடத்திலேயே விட்டு அறையைப் பூட்டுங்கள். வழக்கறிஞர் மூலம் காவல் நிலையத்துக்குத் தகவல் கொடுத்து, எழுத்தில் ஒரு மனுவும் கொடுத்து, அவர்களையே வந்து எடுத்துக்கொள்ளச் சொல்லுங்கள். மனுவின் நகலில் பெற்றுக்கொண்டதற்குக் கையெழுத்து வாங்குங்கள்.

வழக்கறிஞருக்குக் கொடுக்கப் பணம் இல்லை என்று யாரும் பின்வாங்க வேண்டாம். பெரம்பலூரிலும் அரியலூரிலும் மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழு இருக்கிறது. பெண்களுக்கும் பட்டியல் சாதி, பழங்குடி மக்களுக்கும் வருமானம் பார்க்காமல் இலவசச் சட்ட உதவி உண்டு. 15100 என்ற எண்ணுக்குப் போன் செய்யலாம்.

அரசு செய்ய வேண்டியது

இதுவரை நம் கடமையைச் சொன்னேன். இனி அரசிடம் கேட்க வேண்டியதைச் சொல்கிறேன்.

கணவன் இறந்து முப்பது நாள்கூட ஆகாத ஒரு பெண், “எங்க வீட்ல துப்பாக்கி இருக்கு” என்று சொல்லிக்கொண்டு காவல் நிலையப் படி ஏறுவாளா? ஏற மாட்டாள். அவள் செய்த குற்றம் எதுவும் இல்லை. ஆனாலும் பயம். சொன்னால் வழக்கு வருமோ, மகன் வெளிநாடு போக பாஸ்போர்ட் கிடைக்காமல் போகுமோ, மகளுக்குச் சம்பந்தம் பேசும்போது இது பேச்சாகுமோ என்று ஆயிரம் யோசனை. அதனால் சேலையில் சுற்றிய துப்பாக்கி மறுபடியும் பரணுக்கே போகிறது. பத்து வருடம் கழித்துப் பேரன் அதை எடுத்து விளையாடுகிறான். தண்டனையை 3 ஆண்டிலிருந்து 5 ஆண்டாக உயர்த்தியது இந்தப் பயத்தைத்தான் கூட்டியது.

அவ்வப்போது வரும் “ஒப்படையுங்கள்” அறிவிப்பு நல்லதுதான். ஆனால் அது அந்தந்த நேரத்து அதிகாரியின் முயற்சியைப் பொறுத்தது. வரும், போகும். சாவு மட்டும் அறிவிப்புத் தேதி பார்த்து வருவதில்லையே.

ஆஸ்திரேலியாவில் 1996-இல் போர்ட் ஆர்தர் படுகொலைக்குப் பிறகு துப்பாக்கிச் சட்டத்தைக் கடுமையாக்கி, சுமார் ஆறரை லட்சம் துப்பாக்கிகளை அரசே விலை கொடுத்து வாங்கி அழித்தது. அதோடு விடவில்லை. 2021 ஜூலை முதல் தேதியிலிருந்து, பதிவு செய்யாத துப்பாக்கியை எந்த நாளும் தண்டனைப் பயமில்லாமல் ஒப்படைக்கலாம் என்று நிரந்தர ஏற்பாடு செய்தார்கள். தாத்தா இறந்த பிறகு கொட்டகையில் துப்பாக்கி கிடைத்தது என்று வருபவர்களுக்கு இதைவிட நல்ல வழி கிடையாது.

வீட்டுக்கு வீடு துப்பாக்கி வைத்திருக்கும் அமெரிக்காவைப் பாருங்கள். அங்கே தானியங்கித் துப்பாக்கியைப் பதிவு செய்துகொள்ள 1968-இல் ஒரு மாதம் மட்டும் மன்னிப்புக் காலம் கொடுத்தார்கள். அப்போது பதிவு செய்யாமல் விட்டதை இன்றைக்கு வாரிசு பதிவு செய்யவே முடியாது. அரசிடம் கொடுத்துவிட வேண்டியதுதான். இரண்டாம் உலகப் போரிலிருந்து தாத்தா கொண்டு வந்தது என்றாலும் அதே கதைதான். ஒரு மாதக் கதவும், எப்போதும் திறந்திருக்கும் கதவும் ஒன்றல்ல என்பதற்கு இது நல்ல எடுத்துக்காட்டு.

நம் நாட்டிலும் முடியாதது இல்லை. 2025 பிப்ரவரியில் மணிப்பூர் ஆளுநர், ஏழு நாளுக்குள் ஆயுதங்களை ஒப்படைத்தால் தண்டனை நடவடிக்கை இருக்காது என்று அறிவித்தார். மக்கள் கொண்டுவந்து கொடுத்தார்கள், காலமும் நீட்டிக்கப்பட்டது. கலவரம் நடந்த இடத்தில் கொடுக்க முடிகிற உறுதிமொழியை, வேப்பந்தட்டையிலும் செந்துறையிலும் அமைதியாக வாழ்கிற குடும்பத்துக்குக் கொடுக்கக் கூடாதா?

நான் கேட்பது மூன்றுதான். ஒன்று, இறந்தவர் வீட்டில் கிடைத்த துப்பாக்கியை, இறந்த தேதியிலிருந்து குறிப்பிட்ட மாதங்களுக்குள் ஒப்படைக்கும் வாரிசு மீது, வைத்திருந்ததற்காக வழக்குப் போட மாட்டோம் என்று எழுத்தில் நிரந்தர ஆணை. இரண்டு, காவல் நிலையத்தோடு தாலுகா அலுவலகத்திலும் மனு வாங்கும் வசதி. வாரிசுச் சான்றிதழுக்கு அங்கேதானே போகிறோம்? அந்த விண்ணப்பத்திலேயே, “இறந்தவரிடம் துப்பாக்கி இருந்ததா?” என்று ஒரு வரி சேர்த்தால் போதும். மூன்று, ஒப்படைத்ததற்கு உடனே ரசீது.

“இப்படி விட்டால் கொலைக்குப் பயன்படுத்தியதைக்கூடக் கொண்டுவந்து கொடுத்துத் தப்பிவிடுவார்களே” என்று காவல்துறையில் இருக்கிற என் மாணவர் ஒருவர் கேட்டார். நியாயமான கேள்வி. நான் கேட்கும் பாதுகாப்பு வைத்திருந்த குற்றத்துக்கு மட்டும். வாங்கிய துப்பாக்கியைத் தடய அறிவியல் சோதனைக்கு அனுப்பட்டும். வேறு குற்றத்தில் பயன்பட்டிருந்தால் அந்த விசாரணை தாராளமாக நடக்கட்டும். கிணற்றுக்குள் கிடக்கிற துப்பாக்கியை எந்த ஆய்வகமும் சோதிக்க முடியாது. கைக்கு வந்தால்தான் சோதிக்க முடியும்.

“பயிரைக் காப்பாற்ற எங்களுக்கு வேறு வழி என்ன?” என்று விவசாயிகள் கேட்பதும் நியாயம்தான். பயிர்ப் பாதுகாப்புக்காக நாட்டுத் துப்பாக்கிக்கு உரிமம் கேட்கலாம் என்று ஆயுதச் சட்டத்தின் 13-ஆவது பிரிவிலேயே இருக்கிறது. அதை நம் விவசாயிகளுக்கு எடுத்துச் சொல்ல ஆளில்லை. ஆனால் உரிமம் இருந்தாலும் காட்டு விலங்கை நம் இஷ்டத்துக்குச் சுட முடியாது. காப்புக்காட்டிலிருந்து 3 கிலோமீட்டருக்கு அப்பால் வருகிற காட்டுப்பன்றிகளைச் சுடலாம் என்று 2025 ஜனவரியில் தமிழ்நாடு அரசு முடிவெடுத்தபோதும், அந்த வேலையை வனத்துறையினரிடம்தான் கொடுத்தது. பன்றிப் பிரச்சினைக்கு நஷ்டஈடும் வனத்துறையின் வேகமும் கேட்டுப் போராடுங்கள், நானும் வருகிறேன். பரணில் இருக்கிற உரிமமில்லாத துப்பாக்கி அதற்குப் பதில் இல்லை.

இன்னொன்றையும் சொல்லாமல் விட முடியாது. அதே துப்பாக்கி மாளிகை வீட்டுச் சுவரில் தொங்கினால் பாரம்பரியச் சின்னம் என்கிறோம். மலைமேல் இருக்கிற குடிசையிலோ நரிக்குறவர் குடியிருப்பிலோ கிடைத்தால் கள்ளத் துப்பாக்கி என்று செய்தி போடுகிறோம். சட்டம் இரண்டையும் ஒன்றாகத்தான் பார்க்கிறது, நம் கண்தான் வேறாகப் பார்க்கிறது. நரிக்குறவர், குருவிக்காரர் மக்களைப் பழங்குடிப் பட்டியலில் சேர்க்கும் சட்டம் 2022 டிசம்பரில்தான் நாடாளுமன்றத்தில் நிறைவேறியது. எத்தனை வருடக் கோரிக்கை அது! பரம்பரைத் தொழிலைச் சட்டம் நிறுத்திய பிறகு ஊசிமணி, பாசிமணி விற்றுப் பிள்ளைகளைப் படிக்க வைக்கிறவர்கள் அவர்கள். அந்த வீட்டுப் பெரியவர் விட்டுப்போன துப்பாக்கியைக் கொண்டுவந்து கொடுக்கிற பேரனை, நிலையத்தில் நிற்க வைத்து மிரட்டாமல் உட்கார வைத்து ரசீது கொடுக்க வேண்டும். நான் கேட்கிற எழுத்து ஆணையின் பலன் முதலில் போய்ச் சேர வேண்டியது அவர்களுக்குத்தான். வசதியுள்ளவன் எப்படியும் வழக்கறிஞரோடு போய்விடுவான்.

இப்போது நீங்கள் செய்ய வேண்டியது

வீட்டில் எழுபதைத் தாண்டிய பெரியவர்கள் இருந்தால், அவர்கள் நன்றாக இருக்கும்போதே பக்குவமாகக் கேளுங்கள். “தாத்தா, பழைய துப்பாக்கி, தோட்டா ஏதாவது இருக்கா? யாருகிட்டயாவது குடுத்து வச்சிருக்கீங்களா?” உரிமம் உள்ளவர் எழுபது வயதை எட்டினாலோ, 25 ஆண்டு அந்தத் துப்பாக்கியை வைத்திருந்தாலோ, உயிரோடு இருக்கும்போதே ஒரு வாரிசைக் காட்டி அவர் பெயருக்கு உரிமம் கேட்க விதியில் இடம் இருக்கிறது. வேண்டாம் என்றால் அவரே விற்றுவிடலாம், ஒப்படைத்துவிடலாம். அவர் கையெழுத்தில் நாலு நடையில் முடிகிற வேலை, அவர் போன பிறகு நாற்பது நடை ஆகும்.

உரிமப் புத்தகம் இருந்தால் எடுத்துத் தேதி பாருங்கள். தனி அடையாள எண் இருக்கிறதா என்று பாருங்கள்.

உங்களில் வழக்கறிஞர்களாக இருப்பவர்கள், இந்தப் பதிவில் சட்டத்தில் ஏதாவது விட்டுப்போயிருந்தால் கீழே எழுதுங்கள், சேர்த்துவிடுகிறேன். மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மலையடிவாரத்து ஊர் ஒன்றுக்குப் போய் இதை விளக்கிச் சொல்ல இரண்டு பேர் முன்வந்தால், மைக் செட்டுக்கும் டீக்கும் என் பென்ஷனிலிருந்து தருகிறேன். வருவாய்த்துறையிலும் காவல்துறையிலும் இருக்கிற பிள்ளைகளே, நான் கேட்ட மூன்றையும் உங்கள் மேலதிகாரிகள் காதில் போடுங்கள். இரண்டு மாவட்ட ஆட்சியர்களுக்கும் இதை மனுவாக எழுதி வைத்திருக்கிறேன். கையெழுத்துப் போட விருப்பமுள்ளவர்கள் தனிச்செய்தியில் சொல்லுங்கள். அடுத்த திங்கட்கிழமை குறைதீர்க்கும் நாளில் பெரம்பலூரில் கொடுக்கிறேன், அதற்கடுத்த வாரம் அரியலூரில்.